ஹிபாகுஷா: தமிழில் எப்படிச் சொல்வது?

ஹிரோஷிமா, நாகசாகி பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தவர்கள்’ என்ற தொடரைக் கை தானாகவே எழுதிவிடுகிறது. 2024-இல், அந்த இரு நகரங்களிலும் அணுகுண்டுக்கு ஆளானவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகுதான் உறுத்தியது. அந்த மக்கள் தங்களுக்கு வைத்திருக்கும் பெயரில் உயிரும் இல்லை, பிழைப்பதும் இல்லை.

ஹிபாகுஷா, ஜப்பானிய மொழியில் மூன்றே எழுத்து. ‘ஹி’ என்றால் ஒன்றுக்கு ஆளாவது. ‘பகு’ வெடிப்பு. ‘ஷா’ ஆள். (ஜப்பானியர் ‘ப’ என்று குறிலாகத்தான் சொல்கிறார்கள். ‘பா’ என்ற நெடில் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. ஆனால் அந்த வடிவம் தமிழில் ஊன்றிவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்.)

‘ஹி’ என்ற எழுத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் இடப்பாதி உடையைக் குறிக்கும் குறி. வலப்பாதி ‘தோல்’ என்ற எழுத்து. ஒலியைக் காட்டுவதற்காகச் சேர்ந்தது. போர்த்தும் துணி என்பது பழைய பொருள். போர்த்துவதிலிருந்து மேலே வந்து கவிவது, கவிவதிலிருந்து தீங்குக்கு ஆளாவது என்று பொருள் விரிந்தது. இந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஹிரோஷிமாவில் எடுத்த ஒரு படம் என் கண்முன் வந்துவிடுகிறது. ஒரு பெண், முதுகு மட்டும் தெரிகிறது. அவர் உடுத்தியிருந்த கிமோனோவில் அடர்நிறமாக இருந்த இடங்கள் வெப்பத்தை உறிஞ்சியிருக்கின்றன. துணியிலிருந்த கோலம் அப்படியே தோலில் கருகிப் பதிந்திருக்கிறது.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. ஹிரோஷிமாவுக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் யுரேனியக் குண்டு வெடித்தது. மூன்று நாள் கழித்து, முற்பகல் 11.02-க்கு, நாகசாகியில் புளூட்டோனியக் குண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 74,000 பேரும் இறந்தார்கள். முதல் குண்டை அறிவித்த அதிபர் ட்ரூமனின் அறிக்கை ஹிரோஷிமாவை ‘முக்கியமான ஜப்பானியப் படைத்தளம்’ என்றது. படைத் தலைமையகம் அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் அன்று காலை நகரின் நடுவே, தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து ஒதுக்கும் வேலையில் நின்றவர்கள் 12, 13 வயதுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் ஒரு பையனின் சாப்பாட்டு டப்பா ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நசுங்கிய டப்பாவுக்குள் கரிக்கட்டியாக மதியச் சோறு. அவன் உடலோடு அதைக் கண்டெடுத்தவர் அவன் தாய்.

உயிரோடு இருந்தவர்களுக்குத் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லப் பல ஆண்டு வாய் திறக்க முடியவில்லை. 1945 செப்டம்பரிலேயே அமெரிக்கப் படையாட்சி பத்திரிகைத் தணிக்கையைக் கொண்டுவந்துவிட்டது. மக்கள் தங்களுக்குள் ‘பிக்கா டோன்’ என்று பேசிக்கொண்டார்கள்: ‘பிக்கா’ நம் பளீர், ‘டோன்’ நம் டமார். ஆராய வந்த அமெரிக்க ஆணையம் அவர்களை அளந்தது, படம் எடுத்தது, இரத்தம் எடுத்தது, மருந்து கொடுக்கவில்லை. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டி, அதிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்த பிறகுதான் நாடு கொதித்தது. 1956-இல் நாகசாகியில் ஹிடான்கியோ பிறந்தது. அந்தப் பெயரிலுள்ள ‘ஹி’யும் இதே எழுத்துத்தான். 1957-இல் மருத்துவச் சட்டம் வந்தது. ஹிபாகுஷாக்களுக்கு உடல்நலக் கையேடு என்ற சிறு புத்தகம் கிடைத்தது.

அந்தக் கையேடு யார் யாருக்கு என்று சட்டம் சொல்வதைப் பார்த்தால் ‘உயிர் பிழைத்தவர்’ ஏன் பொருந்தாது என்பது விளங்கும். வெடித்த நேரத்தில் நகரில் இருந்தவர்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் உறவினரைத் தேடி நகருக்குள் வந்தவர்களுக்கும் உண்டு. வெளியூரில் இருந்தபடி காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டவர்கள், பிணங்களைச் சுமந்து எரித்தவர்கள், இவர்களில் யாருடைய வயிற்றிலாவது அப்போது கருவாக இருந்தவர்கள், எல்லோருக்கும் உண்டு. தகப்பனைத் தேடி மூன்றாம் நாள் நகருக்குள் வந்து சாம்பலைக் கிளறிய மகள் எந்த வெடிப்பிலும் பிழைக்கவில்லை. அவளும் ஹிபாகுஷாதான்.

இன்னொரு தடையும் உண்டு, அது நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’ என்கிறது குறள். தீயில் வெந்து மீள்வதற்கு அங்கே வரும் சொல் ‘உய்வு’. ‘பிழைத்து’ என்பது தவறு செய்வதற்கு வருகிறது. எரியும் வீட்டுக்கடியில் சிக்கிய தாயை, தம்பியை விட்டுவிட்டு ஓடியவர்கள் அந்த ஊர்களில் ஏராளம். ‘நான் மட்டும் ஏன் இருக்கிறேன்’ என்று ஆயுள் முழுக்கத் தங்களைக் குற்றவாளியாக நினைத்து வாழ்ந்தவர்களைப் ‘பிழைத்தவர்’ என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. ‘உய்ந்தோர்’ என்றால் கடைத்தேறியவர் என்ற வாடை அடிக்கிறது. அதுவும் வேண்டாம்.

வேண்டிய சொல் அதே குறளில் ‘சுடப்படினும்’ என்பதற்குள் இருக்கிறது: படு. அடி பட்டது, வெயில் பட்டது, கண் பட்டது, கடன் பட்டான், வேதனைப்பட்டாள். மேலே வந்து தொடுவதும், தொட்டதைச் சுமப்பதும் இந்த ஒரு வினைக்குள் அடங்கும். சீன மொழியில் ‘ஹி’ எழுத்துக்குச் செயப்பாட்டு வினையை உண்டாக்கும் வேலை. தமிழில் அந்த வேலையைச் செய்வதும் ‘படு’தான். துப்பாக்கிக் குண்டு பட்டது என்று நாம் பேசுவதால் ‘அணுகுண்டுபட்டோர்’ என்பது யாருக்கும் விளக்காமலே விளங்கும். கூடவே ‘பாடு’ம் வருகிறது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தார்கள், வேலை தர மறுத்தார்கள், பிள்ளைகளுக்கு என்ன வருமோ என்று பேசினார்கள். கையேடு வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வாங்காமலே இருந்தவர்களும் உண்டு. பட்ட பாடு ஒரு காலையோடு முடியவில்லை.

ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானிய மொழியில் ஒலி மாறாமல் எழுத்து மட்டும் மாறும் இன்னொரு ஹிபாகுஷா இருக்கிறது. முதல் சொல்லின் ‘பகு’வில் நெருப்புக் குறி, இதில் சூரியக் குறி. வெயிலில் கிடப்பதைக் குறிக்கும் எழுத்து, கதிரியக்கத்துக்கு ஆளானவரைக் குறிக்கப் பயன்படுகிறது. பிக்கினி மீனவர்களும், 2011-இல் ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களும் இந்த வகை. இவர்களைக் ‘கதிர்பட்டோர்’ எனலாம். காதுக்கு ஒன்றாக ஒலிப்பதைத் தமிழில் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

சொல்லுக்கு வேலி போடுவது சட்டத்தின் கையில் இருப்பதால் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஜப்பானுக்குக் கொண்டுபோன, பிழைப்புத் தேடிப் போன கொரியர்கள் பல்லாயிரம் பேர் அந்த இரு நகரங்களிலும் சிக்கினார்கள். ஊர் திரும்பியவர்களுக்கு உதவித்தொகை செல்லாது என்று 1974-இல் போட்ட சுற்றறிக்கை 2003-இல்தான் விலகியது. வெடிப்புக்குப் பிறகு கதிரியக்கச் சாம்பலோடு பெய்த ‘கறுப்பு மழை’யில் நனைந்த 84 பேரை ஹிபாகுஷா என்று ஹிரோஷிமா உயர்நீதிமன்றம் ஏற்றது 2021-இல். 2025 மார்ச் கணக்கில் கையேடு வைத்திருந்தவர்கள் 99,130 பேர். சராசரி வயது 86.

‘படு’வில் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பட்டவர் தெரிகிறார், செய்தவர் தெரிவதில்லை. ஹிபாகுஷாவிலும் அப்படியே. ஹிரோஷிமா நினைவுச் சின்னத்தில் 1952-இல் பொறித்த வாசகமும் இதே சிக்கலில் மாட்டியது. ‘அமைதியாக உறங்குங்கள், பிழையை மீண்டும் செய்ய...’ என்று போகும் அந்த வரியில் எழுவாய் கிடையாது. ஜப்பானிய வினையிலும் ஆள் காட்டும் விகுதி கிடையாது. டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்த ராதாபினோத் பால் அந்த ஆண்டே அங்கு போய், குண்டு போட்டது ஜப்பானியர் அல்லவே, யார் செய்த பிழை இது என்று கேட்டார். எழுவாய் மனிதகுலம் முழுவதும் என்று நகராட்சி விளக்கம் தருகிறது.

தமிழில் வினைமுற்று எழுதினால் விகுதி போட்டே ஆகவேண்டும். ‘செய்யார்’ என்றால் குண்டு போட்டவர்களோடு முடிந்துவிடும். ‘நேராது’ என்றால் மழை வெள்ளம் போலத் தானாக வந்தது என்றாகிவிடும். நான் ‘செய்யோம்’ என்று எழுதுகிறேன்.