சார்ஜ்: வண்டியில் ஏற்றிய ஒரு சொல்

"போன்ல சார்ஜ் இறங்கிடுச்சு, கொஞ்சம் ஏத்தி வை" என்று வீட்டில் சொல்கிறோம். சார்ஜ் என்பது ஆங்கிலச் சொல்தான், ஆனால் அதோடு நாம் சேர்த்துக்கொண்ட இரண்டு வினைகளையும் கவனியுங்கள்: ஏறுவது, இறங்குவது. யாரும் சொல்லித்தராமலே தமிழ்ப் பேச்சு இந்தச் சொல்லின் வேரைத் தொட்டிருக்கிறது.

சார்ஜுக்கு மூலம் கர்ரூஸ் என்ற லத்தீன் சொல். அதன் பொருள் வண்டி. ரோமானியர்கள் அதை, இன்றைய பிரான்ஸ் பகுதியில் அன்று வாழ்ந்த கால் (Gaul) இனத்தாரின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து கர்ரிகாரே, அதாவது வண்டியில் பாரம் ஏற்றுதல், என்ற வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. கார், கேரி, கார்கோ எல்லாம் இதே குடும்பம்தான். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் கேரிகேச்சரும்கூட இந்த வீட்டுப் பிள்ளை. இத்தாலிய மொழியில் அதற்கு 'அளவுக்கு மீறி ஏற்றியது' என்று பொருள். மூக்கைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வரைகிறார்கள் அல்லவா!

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்த வழி சுவையானது. துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்து திணிப்பதையும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்பார்கள். 1740களின் கடைசியில் பெஞ்சமின் பிராங்க்ளின் லெய்டன் ஜாடிகள் என்ற கண்ணாடிக் கலன்களில் மின்சாரத்தைச் சேர்த்து ஆராய்ந்தபோது, தன் கடிதங்களில் அதே சொல்லை மின்சாரத்துக்கும் எழுதினார். மின்சாரம் சேர்க்கும் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக இணைத்த கருவிக்கு அவர் வைத்த பேட்டரி என்ற பெயரும் பீரங்கி வரிசையிலிருந்து வந்ததுதான்.

இதற்குத் தமிழில் மின்னூட்டம், மின்னேற்றம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் அதிகம். இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம். என் வாக்கு மின்னேற்றத்துக்கே. மக்கள் வாயில் ஏற்கெனவே 'ஏத்து' இருக்கிறது. எதிர்ச்சொல்லும் தானாக அமைகிறது: டிஸ்சார்ஜ் என்றால் மின்னிறக்கம். சார்ஜர் மின்னேற்றி. ஓவர்சார்ஜ் மிகையேற்றம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" குறளில் படித்திருப்பீர்கள். அந்த வண்டிக்கு நேர்ந்ததுதான் பேட்டரிக்கும் நேர்கிறது. நிலத்தடி நீரை ரீசார்ஜ் செய்வதற்கு மட்டும் செறிவூட்டல் என்ற சொல் நன்றாக வேர்பிடித்துவிட்டது. மண்ணுக்கு நீரை ஊட்டுகிறோம், அங்கே ஊட்டுதான் சரி.

பாரம் என்ற அடிப்படை புரிந்துவிட்டால் மற்றப் பொருள்களும் பிடிபடும். ஒருவர் தலையில் பணப் பாரத்தை வைத்தால் அது கட்டணம். பஸ் சார்ஜ் என்று சொன்னாலும் பேருந்துக் கட்டணம் என்று எழுதுவதில் சிரமமே இல்லை. வேலைப் பாரத்தை வைத்தால் பொறுப்பு. பொறுத்தல் என்றாலே தாங்குதல்தானே. அரசு அலுவலகக் கடிதங்களில் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போடுவார்களே, அதுதான் இன்சார்ஜ். பொறுப்பேற்றார் என்பதில் வரும் ஏற்றல் வேறு. அது ஏல் என்ற வேரிலிருந்து வருவது, ஒப்புக்கொள்ளுதல் என்று பொருள். வண்டியில் ஏற்றுவதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லத்தி சார்ஜுக்குத் தடியடி இருக்கிறது, அதைவிடத் தெளிவான சொல் தேவையில்லை.

பழியைத் தலையில் வைத்தால் குற்றச்சாட்டு. 'குற்றம் சுமத்தினார்கள்' என்கிறோம். சுமத்துதல் என்றால் சுமக்க வைப்பது. ஆங்கிலத்துக்குத் தோன்றிய அதே உருவகம் நமக்கும் தோன்றியிருக்கிறது, கடன் வாங்காமலே.

செய்தி எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சார்ஜ் ஷீட் என்பது குற்றப்பத்திரிகை. விசாரணை முடிந்து காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது. அதைப் படித்துப் பார்த்து, இன்ன குற்றத்துக்கு இவரை விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் வரையறுப்பது வேறு கட்டம். அதைக் குற்றச்சாட்டு வனைதல் என்பார்கள். பத்திரிகைகளில் குற்றச்சாட்டுப் பதிவு என்று வரும். வனைதல் அழகான சொல், குயவர் பானை வனைவதுபோல. அதை விட்டுவிடக் கூடாது.

அப்புறம் டிஸ்சார்ஜ். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனால் 'வீடு திரும்பினார்' என்றே எழுதலாம். நீதிமன்றத்தில் அப்படி முடியாது. குற்றச்சாட்டு வனைவதற்கே போதிய முகாந்திரம் இல்லையென்று ஒருவரை அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு, அதுதான் டிஸ்சார்ஜ். முழு விசாரணையும் நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. முதலாமவர் மேல் நீதிமன்றம் பாரத்தை ஏற்றவே இல்லை. இரண்டாமவர் அதை விசாரணை முடியும்வரை சுமந்து, தீர்ப்பு நாளில்தான் இறக்கி வைக்கிறார்.