ஐ7 என்ற பெயரைப் பார்த்து மதர்போர்ட் வாங்காதீர்கள்

ஓ.எல். சோதனை முடிந்த கையோடு பிள்ளைக்கு ஒரு கேமிங் கணினி எடுத்துக் கொடுக்கலாம் என்று மட்டக்களப்பு, காத்தான்குடிப் பக்கத்துப் பெற்றோர் பலர் விசாரித்து வருவார்கள். வரும்போதே போனில் ஒரு விளம்பரத்தையும் காட்டுவார்கள்: கோர் ஐ7, 16 ஜீபி ரேம், புத்தம் புதிய மதர்போர்ட் (எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பலகை). விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கணினி பொருத்துவதும் திருத்துவதும்தான் என் தொழில். அப்படி வாங்கிய பெட்டிகள் கடைசியில் என் மேசைக்கு வருவதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஐ7 புரொசெசர், அதாவது கணினியின் மூளை, பெரும்பாலும் இன்டெல்லின் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறையாக இருக்கும். 2011, 2012இல் வெளிவந்த புரொசெசர், பழைய அலுவலகக் கணினிகளில் இருந்து கழற்றியது. அதற்குப் பொருந்தும் எச்61 வகை மதர்போர்ட்டைப் பழைய சிப்பை வைத்துப் புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். பெட்டி புதிது, உள்ளே இருப்பது பழையது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சுற்றுவழியில் ஏற்றிவிட்டாலும் வலோரன்ட் போன்ற கேம் ஓடாது. விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி) இரண்டும் இருந்தால்தான் உள்ளே விடும். சில புதிய கேம்கள் கேட்கும் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்கீட்டு வசதியும் அந்தத் தலைமுறைகளில் இல்லை. எவ்வளவு நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்டாலும் இந்தக் குறை தீராது. பெற்றோர் சீட்டுக் காசில் மிச்சம் பிடித்து வாங்கியதை ஒரு வருடத்துக்குள் ஒதுக்கி வைப்பதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

சரி, குறைந்த செலவில் எதை எடுக்கலாம்? ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட்டில் (புரொசெசர் உட்காரும் இடம்) ரைசன் 5 5600, அல்லது இன்டெல்லில் ஐ5 12400எஃப். இன்னும் சில வருடங்களுக்கு இவை தாக்குப்பிடிக்கும். ரைசனுக்கு ஏ520, பி450, பி550 என்று போர்ட்கள் உண்டு. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் நான் பி550ஐயே சொல்வேன். மற்ற இரண்டும் கிராபிக்ஸ் கார்ட்டை இணைக்கும் பிசிஐஇ பாதையில் 3.0 வேகத்தோடு நின்றுவிடும், பி550இல் கார்ட்டுக்கு 4.0 கிடைக்கும். பெரும்பாலான கார்ட்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவான கார்ட் அந்தப் பாதையில் நான்கு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது, 3.0 போர்ட்டில் அதன் வேகம் நன்றாகவே இறங்கும். பி450 பழைய ஸ்டொக்காக இருந்தால், பயோஸை (போர்ட்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்காமல் 5600 திரையே காட்டாது. கடையிலேயே புதுப்பித்து, திரை வருவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ரேமை 8 ஜீபி இரண்டாகப் போடுங்கள், ஒற்றை 16ஐ விட அதுதான் வேகம்.

வண்ண விளக்குக்கும் கேமிங் என்ற பெயருக்கும் காசு கொட்டத் தேவையில்லை. காசு கொடுக்க வேண்டிய இடம் வேறு. புரொசெசரைச் சுற்றிச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். புரொசெசருக்கு மின்சாரம் போவது அவற்றின் வழியாகத்தான். அவற்றின் மேல் ஒரு அலுமினியக் கட்டி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். 12400எஃப் போடும் மிக மலிவான எச்610 போர்ட்கள் பலவற்றில் அது இருக்காது. 12400எஃப் பெட்டியில் 65 வொட் என்று இருந்தாலும் முழு வேகத்தில் 117 வொட் வரை இழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரை போட்ட ஏசி இல்லாத அறையில், அந்தச் சதுரங்கள் கொதித்துப்போகும். கேம் அரை மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் இழுக்கத் தொடங்கும். பிள்ளைகள் கார்ட்டைக் குறை சொல்வார்கள். போர்ட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், அந்த இடம் மட்டும் பழுப்பேறிக் கிடக்கும்.

பாவித்த போர்ட் வாங்குவதென்றால் கூடுதல் கவனம் தேவை. இன்டெல்லில் ஊசிகள் போர்ட்டில்தான் இருக்கும். போன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லா ஊசியும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி இருண்டிருந்தால் அந்த ஊசி வளைந்திருக்கிறது. கல்லடி, கல்முனை மாதிரிக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்து வந்ததென்றால் ரேம் போடும் இடத்தையும் பாருங்கள், உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

புதியதற்கும் பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். எரிந்த அடையாளம், களிம்பு, உடைவு இருந்தால் வாரண்டி இல்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்த வயர் வழியாக மின்னல் ஏறி எரிந்த போர்ட்டைக் கொண்டுபோனால், எரிந்த அடையாளத்தைக் காட்டியே கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.