துருப்பிடிச்ச பழைய லாரியை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? துரு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா தெரிஞ்சிடும்

பழைய லாரி ஒண்ணு வீட்டு வாசல்ல வந்து நின்னதுமே கை பரபரக்கும், இன்ஜினை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமான்னு இருக்கும், இல்லன்னா பெயிண்டைச் சுரண்ட ஆரம்பிச்சுடுவோம். ரெண்டும் இப்போ வேணாம். முதல் வேலை துரு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறதுதான். வெளியில செம்பழுப்பா தெரியுற துரு பெரும்பாலும் மேலோட்டமானது, லாரியைத் தின்னுறது கண்ணுக்குப் படாத இடத்துல இருக்குற துரு.

ஏன் அப்படின்னா, துருங்கிறது ஈரத்துல ஓடுற ஒரு குட்டி பேட்டரி. இரும்புல ஒரு இடத்துல அணுக்கள் ஆளுக்கு ரெண்டு எலக்ட்ரானை விட்டுட்டுத் தண்ணியில கரையுது, அந்த எலக்ட்ரான் இரும்பு வழியாவே ஓடி இன்னொரு இடத்துக்குப் போகுது, அங்க தண்ணியும் ஆக்சிஜனும் அதை வாங்கிக்குது, கரைஞ்ச இரும்பு அப்புறமா ஆக்சிஜனோட சேர்ந்து துருவா படியுது. உப்பு இருந்தா தண்ணி கரண்ட்டை நல்லா கடத்தும், அரிப்பும் வேகமாகும்.

இதுல என்ன விசேஷம்னா, ஆக்சிஜன் தாராளமா கிடைக்குற இடம் எலக்ட்ரானை வாங்குற இடமாயிடுது, ஆக்சிஜன் சரியா போய்ச் சேராத இடம்தான் கரையுது. கேம்பிரிட்ஜ்ல உலிக் எவன்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1920கள்லயே இரும்புத் தகடு மேல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விட்டு இதைக் காட்டினார். காத்து படுற சொட்டோட ஓரம் பளபளன்னு இருந்துச்சு, நடுப்பகுதிதான் அரிச்சுப்போச்சு.

இதை அப்படியே லாரிக்குப் போட்டுப் பாருங்க. மட்கார்டுக்குள்ள அப்பியிருக்குற சேறு, கதவோட அடி மடிப்பு, ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு வெல்டிங் ஆன இடம், கேபின் சேஸ்ல (லாரியோட அடிச்சட்டம்) உக்காருற ரப்பருக்குக் கீழ, இதெல்லாம் ஈரம் தங்கி காத்து போகாத இடங்க. சேறை முழுசா கழுவிட்டு சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும், அரிச்ச இடம் மந்தமா சத்தம் போடும், அங்க பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்க. உள்ள போயிடுச்சுன்னா அங்க வெட்டி புதுத் தகடு வைக்கணும். சேஸ்ல அப்படி ஆனா மத்த வேலையை எல்லாம் நிறுத்திட்டு முதல்ல அதைத்தான் பாக்கணும். சுரண்டுற வேலை வந்தா தண்ணி ஊத்தி ஈரமா தேய்ங்க, மாஸ்க் போடுங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், பழைய பிரேக்ல ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கலாம்.

துரு, அது தின்ன இரும்பை விட பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும். நட்டு இறுகிப்போறது அதனாலதான், மரைக்கு நடுவுல துரு ஊதி ஆப்பு வச்ச மாதிரி ஆயிடுது. துரு இளக்குற எண்ணெயை விட்டு ரெண்டு மூணு நாள் பொறுங்க, அப்பவும் அசையலன்னா சூடு, ஆனா எண்ணெயை நல்லாத் துடைச்சுட்டு, பெட்ரோல் டேங்க் பக்கத்துல எங்கயும் இல்லாம. 20 மில்லிமீட்டர் நட்டை 300 டிகிரி சூடாக்குனா வெறும் 0.07 மில்லிமீட்டர்தான் விரியும், ஆனா துருவோட பிடியை உடைக்க அதுவே போதும். ஜாம் ஆன பெட்ரோல் இன்ஜினுக்கும் அவசரம் கூடாது, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி சிலிண்டர்ல எண்ணெய் விட்டு சில நாள் ஊறவச்சு கையாலதான் திருப்பிப் பாக்கணும். ஸ்டார்ட்டரை அழுத்துனா பிஸ்டன் ரிங் உடையலாம்.

கழட்டின சின்ன பார்ட்ஸுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி கரண்ட் வச்சு துரு எடுக்குறது, ஏன்னா இது அந்த பேட்டரியையே திருப்பி ஓட்டுறது. பிளாஸ்டிக் தொட்டியில 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், மைனஸ் துருப்பிடிச்ச பார்ட்ல, பிளஸ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டுல, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. இப்போ வெளியிலேர்ந்து எலக்ட்ரான் உள்ள வருது, துருவுல ஒரு பகுதி கறுப்பா மாறி இளகிடும், பிரஷ்ஷால தேச்சா வந்துடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். பிளஸ்ல மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்காதீங்க, அதுலேர்ந்து விஷமான குரோமியம் தண்ணியில கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடாதீங்க, குளோரின் வரும். குமிழி குமிழியா வர்றது ஹைட்ரஜன், அதனால திறந்த வெளியில வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, கை வைக்குறதுக்கு முன்னாடி சார்ஜரை ஆஃப் பண்ணுங்க. ஸ்ப்ரிங் பட்டை, கடினமாக்குன ஸ்டீல் போல்ட் இதையெல்லாம் தொட்டியில போடவே வேணாம், ஹைட்ரஜன் உள்ள புகுந்து அந்த ஸ்டீலை முறியவச்சிடும்.

வெளிய எடுத்ததும் கழுவி உடனே காயவச்சு அன்னைக்கே ஜிங்க் தூள் நிறைய இருக்குற பிரைமர் அடிங்க, வெறும் இரும்பு சில மணி நேரத்துலயே மறுபடி செவக்க ஆரம்பிச்சிடும். ஜிங்க் இரும்பை விட முந்திக்கிட்டு எலக்ட்ரானை விடும், அது கரையுற வரைக்கும் இரும்பு தப்பிக்கும். அப்படியே கதவோட அடியில இருக்குற சின்னத் தண்ணி ஓட்டைங்களை ஒரு கம்பியால குத்தி அடைப்பை எடுத்துவிடுங்க.