ஏ.சி.யில் ஐஸ் கட்டினால்: கேஸ் நிரப்புவதற்கு முன்

"ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது" என்ற அழைப்பின் பேரில் போகும் வீடுகள் பலவற்றில், உண்மையான கோளாறு ஒழுகல் அன்று. இரவில் குளிர் குறைந்ததும் வீட்டார் ரிமோட்டில் 24-ஐ 18 ஆக்கி, பிறகு 16 ஆக்கி, விடியும்வரை ஓடவிட்டிருப்பார்கள். உள் யூனிட்டில் காற்றைக் குளிரவைக்கும் குழாய்த் தொகுதியான கூலிங் காயில் முழுவதும் கட்டிய ஐஸ், காலையில் நிறுத்தியதும் மொத்தமாக உருகி, ட்ரேயில் அடங்காமல் சுவரில் வழிந்திருக்கும்.

காயிலுக்குள் திரவமாக நுழையும் கேஸ், அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கருவி ஒழுங்காக ஓடும்போது காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலேயே நிற்பதால், காற்றிலுள்ள ஈரம் நீராகச் சொட்டி வடிகுழாய் வழியே போய்விடுகிறது. காயிலைக் கடக்கும் காற்று குறைந்தால் கேஸுக்குப் போதிய வெப்பம் கிடைக்காமல் காயில் 0 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது; ஈரம் அங்கேயே உறைகிறது; உறைந்த ஐஸ் தகடுகளின் இடுக்குகளை அடைக்க, காற்று இன்னும் குறைகிறது. இந்த நிலையில் ரிமோட்டில் அளவைக் குறைப்பது கம்ப்ரசரை மேலும் ஓடவைத்து ஐஸைத்தான் வளர்க்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வழியை. ஃபில்டரைப் பலர் கழுவுகிறார்கள். அதற்குப் பின்னாலுள்ள காயிலிலும், காற்றைத் தள்ளும் உருளை வடிவ புளோயரின் இதழ்களிலும் படியும் அழுக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. சாம்பிராணிப் புகையும் சமையலறை எண்ணெய்ப் புகையும் அங்கே பிசினாக ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்துவைக்கின்றன. அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்கை யூனிட்டின் தலையில் இடிக்கும்படி இறக்கிவிடும் வீடுகளும் உண்டு. ஸ்பிளிட் ஏ.சி. மேற்புறமாகவே காற்றை இழுக்கிறது என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மையே. அழுத்தம் இறங்கினால் கேஸ் ஆவியாகும் வெப்பநிலையும் இறங்கும்; ஆர்-22 கேஸில் சுமார் 57 பி.எஸ்.ஐ., ஆர்-32 கேஸில் சுமார் 103 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது பூஜ்யத்தைத் தொடுகிறது. தொழிலில் நடக்கும் பெரிய தவறும் இங்கேதான் தொடங்குகிறது: காற்று அடைபட்டு ஐஸ் கட்டிய கருவியிலும் கேஜ் எனும் அழுத்தமானி குறைந்த அழுத்தத்தையே காட்டும். அதை மட்டும் நம்பி "கேஸ் இல்லை" என்று நிரப்பிவிடுகிறார்கள். ஓர் அடுக்ககத்தில் ஒரே கோடையில் இருமுறை இப்படி நிரப்பியிருந்தார்கள். சுவருக்குப் பட்டி தேய்த்தபோது ஏ.சி.யை மூடாமல் ஓடவிட்டதால், காயில் முழுக்க வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. பிரஷர் பம்பால் கழுவியதும் அழுத்தம் எகிறியது. மிகையாக இருந்த கேஸை வெளியே எடுத்து, சரியான எடைக்கு நிரப்ப வேண்டியதாயிற்று.

ஐஸ் எங்கே கட்டியிருக்கிறது என்பதும் ஓரளவு காரணத்தைச் சொல்லும். காற்று அடைபட்டிருந்தால் பெரும்பாலும் காயில் முழுவதும் பரவி, தடித்த குழாய்வரை வரும்; கேஸ் குறைந்திருந்தால் காயிலின் ஒரு பகுதியிலும், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் நட்டின் மேலும் வெண்மையாகப் படியும். இரண்டும் இல்லையென்றால் புளோயர் மோட்டாரின் வேகத்தையும் காயில் சென்சாரையும் பார்க்க வேண்டும். காயில் உறையும் நிலையை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் செய்யும் அந்தச் சென்சாரை, சர்வீஸ் முடிந்ததும் அதன் இடத்தில் செருக மறந்துவிடுவது எங்கள் ஆட்களிடமே காணும் குறை.

ஐஸைக் கண்டவுடன் கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, கீழே ஒரு வாளி வையுங்கள். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ பெயர்த்தால் குழாய் துளைபடும். வெந்நீர் ஊற்றினால் மின்சுற்றுப் பலகை பழுதாகும். அப்படியே ஓடவிட்டால் ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பி அதையே கெடுத்துவிடும்.

கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாவதன்று. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ஆண்டுதோறும் டாப்-அப் தேவைப்படுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். நட்டுகளில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று பார்த்து, சோப்பு நுரையால் சோதித்து, தேவையானால் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தபின், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வேக்கம் எடுத்து, கருவியின் மேல் அச்சிட்டுள்ள எடைக்கு நிரப்புவதே முறை. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், அது உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைக்கும் வேலையை எவர் செய்யத் தொடங்கினாலும் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.