ஹெர்பிஸ் என்றால் அக்கிதானா?

ஹெர்பிஸுக்கு அகராதியில் 'அக்கி' என்று போட்டு முடித்துவிடுவார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அது போதாது. இங்கே அக்கி என்றால் இடுப்பிலோ விலாவிலோ ஒரே பக்கமாக வரிசை பிடித்துக் கிளம்பி, நெருப்பாய் எரியும் கொப்புளம். அக்கினி என்ற சொல்தான் அக்கி ஆனது என்பார்கள், வந்தவரைக் கேட்டால் ஒத்துக்கொள்வார். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து 'அக்கி எழுதி'க்கொண்டு வருவது இன்னும் பல ஊர்களில் உண்டு.

இது ஹெர்பிஸ் ஜோஸ்டர். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பிலேயே பதுங்கியிருந்து, வயதாகியோ எதிர்ப்புச் சக்தி குறைந்தோ மறுபடி எழுவது. உடலுறவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடலுறவில் பரவுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அதே குடும்பத்தின் வேறு வைரஸ். அதில் முதல் வகை பெரும்பாலும் உதட்டோரம் கொப்புளமாக வரும், இரண்டாம் வகை பிறப்புறுப்பில். ஆனால் வாய்வழிப் புணர்ச்சியில் முதல் வகையும் கீழே போகும்.

பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்? கிரேக்கத்தில் 'ஹெர்பெய்ன்' என்றால் ஊர்வது. நம்மிடம் வந்து சேர்ந்த சர்ப்பம் என்ற வடசொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், கன்னடக்காரர்கள் அக்கியைச் 'சர்ப்ப சுத்து' என்கிறார்கள். தோலில் ஊர்ந்து படரும் புண்ணுக்கெல்லாம் அந்தக் காலத்து வைத்தியர்கள் ஹெர்பிஸ் என்றார்கள், வைரஸைக் கண்ணால் கண்டா பெயர் வைத்தார்கள்?

இந்தப் பெயர்க் குழப்பத்தில் இரண்டு பக்கமும் அடி. அக்கி வந்த ஆச்சியின் மருந்துச் சீட்டில் ஹெர்பிஸ் என்று இருப்பதைப் பேரன் செல்போனில் தேடி, பால்வினை நோய் என்று படித்துவிட்டு முழிப்பான். பிறப்புறுப்பில் புண் வந்தவரோ, சூட்டுக்கு வந்த அக்கி, எழுதினால் போய்விடும் என்று இருந்துவிடுவார். புண் ஆறத்தான் செய்யும், காவி பூசாவிட்டாலும் ஆறும். வைரஸ் மட்டும் முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் என் கணக்கு இது: தனியாக அக்கி என்றால் ஜோஸ்டர், மற்றதைப் 'பாலுறுப்பு அக்கி' என்று அடைமொழியோடு எழுதலாம். டாக்டரிடம் ஹெர்பிஸ் என்றே சொல்லுங்கள், என்ன கெட்டுப்போகிறது! மேகநோய் என்ற பழைய சொல் வேண்டாம், அதில் வெட்டை, கிரந்தி என்று பால்வினை நோய்கள் எல்லாம் ஒரே மூட்டை, கூடவே வசவும்.

சரி, இந்தப் பாலுறுப்பு அக்கி இருப்பவருக்கு என்ன ஆபத்து? புண் இருக்கும்போது பரவுவது எல்லாருக்கும் தெரியும், புண்ணே இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிவரும் என்பதுதான் தெரியாது. பலருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாமல் பரவுவது அப்படித்தான். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத இடத்துத் தோலும் ஒட்டுமே, அதனால் முழுக் காப்பு இல்லை. டாக்டர் சொல்லித் தினமும் வாலசைக்ளோவிர் மாத்திரை எடுத்தால் துணைக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அரிப்போ ஊசி குத்துவது போலவோ தொடங்கியதிலிருந்து புண் ஆறும்வரை விலகியிருப்பது நல்லது. துண்டிலும் கழிப்பறையிலும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் கணவர் ஊருக்கு வந்த சமயத்தில் புண் கிளம்பினால் வீடே ரெண்டுபடும். ஆனால் வைரஸ் கல்யாணத்துக்கு முன்பே வந்து வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்திருக்கலாம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாம் வகை இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு அதிகம், அதனால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் அந்தச் சோதனையையும் செய்துகொள்ளலாம், காசு கிடையாது, விவரம் வெளியே போகாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பல வருஷமாக இருக்கும் ஹெர்பிஸால் குழந்தைக்குத் தொற்றுவது அபூர்வம், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து, பிறந்த குழந்தையின் உயிருக்கே உலை வைக்கலாம். கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால் அந்த மாதங்களில் உறவே வேண்டாம். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். மாமியார் கூடவே நிற்கிறாரா, டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, உங்களுக்கோ கணவருக்கோ ஹெர்பிஸ் இருப்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.