பிரிண்டரில் ஹார்ட் டிஸ்க் போச்சா? கழற்றும்முன் ஒரு நிமிஷம்

"தம்பி, மெமரி ஃபுல்னு வருது. புது ஹார்ட் டிஸ்க் என்ன விலை ஆகும்?"

ஜூலை மாதக் கடைசி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் நேரம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன். மெமரி (ராம்) என்பது அச்சடிக்கும் நேரத்துக்கு மட்டும் பக்கத்தை வைத்திருப்பது, டிஸ்க் என்பது சேமித்து வைப்பது, இரண்டும் வேறு என்று அவருக்கு அந்த அவசரத்தில் போனில் விளக்க முடியாது. நேரில் போனேன்.

முதலில் கம்ப்யூட்டர்களோடு இணைக்கும் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். சமர்த்தாக 'ரெடி' காட்டியது. அப்படியென்றால் மிஷினில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டரில் வரிசையில் நிற்கும் ஏதோ ஒரு ஃபைல்தான் படுத்துகிறது. ஹெச்பி மிஷின்களில் 49 என்று தொடங்கும் எரர் வந்தாலும் நான் செய்வது இதைத்தான்.

தேடினால், ஜூனியர் பையன் அனுப்பிய ஒரு பிடிஎஃப். பக்கத்துக்குப் பக்கம் மொபைலில் எடுத்த கலர் போட்டோ. "வெறும் 2 எம்பிதானே சார்!" என்றான். ஃபைல் 2 எம்பிதான். ஆனால் பிரிண்டர் அதைப் புள்ளிகளாக விரித்தாக வேண்டும். ஏ4 பக்கம் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளி. கறுப்பு வெள்ளையில், புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால், 4 எம்பி சொச்சம். நான்கு கலரும் புள்ளிக்கு 8 பிட் வீதம் என்றால் 140 எம்பியை நெருங்கும். மிஷின் சுருக்கித்தான் வைக்கும், இருந்தாலும் சின்ன ராமுக்கு இது தாங்காது. வரிசையைக் காலி செய்து, 300 டிபிஐக்கு மாற்றி அனுப்பினோம். சுமை கால்வாசி ஆனது, பக்கங்கள் வந்தன. பைசா செலவில்லை.

நிஜமாகவே ராமில்தான் பிரச்சினை என்றால், பவர் கார்டைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, ராம் கார்டை எடுத்துத் திரும்ப அழுத்தி மாட்டினாலே பாதி கேஸ் சரியாகிவிடும்.

டிஸ்க் கதை வேறு. கேனானில் ஈ602, ரிக்கோவில் எஸ்சி863 என்று வந்தால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்… டிக்…' என்று சத்தம் வந்தால் நாள் எண்ண ஆரம்பிக்கலாம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கம் டிஸ்க்குக்கு ஆகாது. மிஷினின் பவர் பட்டனை அழுத்தி, விளக்கு அணையும்வரை பொறுத்து, அப்புறம் மெயின். கரன்ட் கட்டுக்குப் பயந்து சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டவும் வேண்டாம். மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடேறும்போது இழுக்கும் கரன்டுக்கு அதுவே சுருண்டுவிடும்.

சர்வீஸ் ஆள் "ஃபார்மேட் போட்டுடலாம்" என்றால், முதலில் அட்ரஸ் புக்கை பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் அனுப்பும் முகவரிகள் பல மிஷின்களில் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

ராம் கரன்ட் போனதும் மறந்துவிடும், டிஸ்க் மறக்காது. பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் நீங்கள் காப்பி எடுத்த பக்கத்தையும் அதில் எழுதி வைத்திருக்கக்கூடும். 2010இல் அமெரிக்காவின் சிபிஎஸ் செய்தி நிறுவனம் பழைய மிஷின்கள் நான்கை வாங்கி, டிஸ்க்குகளைக் கழற்றிப் பார்த்தது. போலீஸ் ஆவணங்களும் நோயாளிகளின் மருத்துவ விவரங்களும் அப்படியே இருந்தன. அதில் ஒரு மிஷின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்தது. 2013இல் அந்த நிறுவனம் இதற்காக அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. இங்கும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அமெரிக்கா வரை போவானேன்? செகண்ட் ஹேண்டாக வந்த ஒரு மிஷினை ஆன் செய்தபோது, சேமிப்புப் பெட்டியில் யார் யாருடையதோ ஆதார் நகல்கள். சாதாரண ஃபார்மேட் பொருளடக்கத்தைத்தான் கிழிக்கும், பக்கங்கள் கிடக்கும். அதனால் மிஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது மெனுவில் உள்ள, பழையதன் மேல் வேறு எழுதி அழிக்கும் 'ஓவர்ரைட்' வசதியைப் போட்டு, அது முடிந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து வாங்கி வையுங்கள். செத்துப்போன டிஸ்க்கில் இது ஓடாது. அதைக் கையில் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

அதே ஆடிட்டர் மிஷினில் ஆறு மாதம் கழித்து டிஸ்க் நிஜமாகவே போனது. புதிதை மாட்டிவிட்டுப் பழையதை அவர் கையில் கொடுத்தேன். "இதை வச்சு நான் என்ன தம்பி பண்ண? நீயே எங்காவது போட்டுடு" என்றார். அதில் என்ன இருக்கும் என்று சொன்னேன். பேச்சில்லை. பக்கத்து அறையில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்த கார்பென்டரிடம் டிரில் வாங்கி வந்து, அவரே நின்று மூன்று ஓட்டை போட வைத்தார்.