சம்பளம் இல்லாத வேலைக்கு லீவு உண்டா?

"மேடம், சனிக்கிழமை வந்தாலே வயித்தைப் பிசையுது."

வந்திருந்த தம்பிக்கு வயது 31. கன்டெய்னர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு 6 வருடமாகச் சனிக்கிழமைகளில் இலவச டியூஷன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் சுயநலவாதி ஆயிட்டேனா?"

தண்டையார்பேட்டையில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிய கேள்வி இல்லை. ரத்ததானத்துக்கு ஆள் திரட்டுபவர்கள், ஏரியா பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங் கொடுப்பவர்கள் என்று பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

'பர்ன் அவுட்' (ஓயாமல் உழைத்து உழைத்து மனம் துவண்டுபோவது) என்றாலே ஐ.டி. வேலைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் 1974-ல் அதைப் பற்றி எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன் வேலை நேரத்துக்குப் பிறகு போய் உழைத்தவர். அங்கே சேவை செய்ய ஆசையாக வந்தவர்கள் சில மாதங்களில் துவண்டுபோவதைப் பார்த்தார். தானும் துவண்டார். அதைத்தான் எழுதினார்.

சம்பள வேலையில் லீவு லெட்டர் கொடுக்கலாம், நோட்டீஸ் கொடுத்து விலகலாம். சேவையில் இரண்டுக்கும் வழி இல்லை. ஒரு வாரம் போகவில்லை என்றால் "என்ன தம்பி, மறந்துட்டியா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், அதனால்தான் அது இன்னும் அழுத்துகிறது.

இப்படி வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது: சேவை மட்டும் கசக்கிறதா, இல்லை எல்லாமே கசக்கிறதா? பிடித்த சாப்பாடு, நண்பர்கள், பாட்டு எதிலும் நாட்டமே இல்லை, தூக்கமும் சரியில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

தம்பிக்கு அப்படி இல்லை. "அப்போ எனக்கு எதுதான் பிடிக்கும்னே தெரியலையே மேடம்" என்றார். உட்கார்ந்து யோசித்தால் இதற்குப் பதில் வராது. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மூன்று வாரம் எழுதச் சொன்னேன். டியூஷனில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரே குறிப்பு: நேரம் போனது தெரியவில்லையா, அல்லது கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

திரும்பக் கொண்டுவந்தபோது ஏறக்குறைய எல்லாமே கடிகாரம். நன்கொடைக் கணக்கு, வாட்ஸ்அப் குரூப்பில் பதில் சொல்வது, நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுப்பது. மாடிப்படியில் உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது மட்டும் வேறு மாதிரி. கேரம் காய்களைக் கொட்டி, சிவப்பைத் தனியே எடுத்துவிட்டு, "மொத்தம் 18. ஒன்பது வெள்ளை. அப்போ எவ்ளோ?" "பாதி." "மூணைப் பாக்கெட் பண்ணிட்டேன், இப்போ?" அந்த இடத்தில் பேனா அழுத்தி எழுதியிருந்தது: 'மணி எட்டரை ஆனது தெரியல.'

ஆக, பிள்ளைகள் அவருக்குச் சலிக்கவில்லை. நன்றாகச் செய்கிறார் என்பதாலேயே ஒவ்வொரு பொறுப்பாக அவர் தலையில் ஏற்றி, கடைசியில் பிள்ளைகளிடமிருந்தே அவரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். குழு நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள்: கணக்கை ஆள் மாற்றி ஆள் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இன்னும் இதைச் செய்ய விருப்பமா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

தம்பி இரண்டு மாதம் லீவு சொல்லியிருக்கிறார். சொல்வதற்குள் கை நடுங்கியதாம். முதல் சனிக்கிழமை முழுக்கத் தூங்கினார். அடுத்த வாரம், நான்கு வருடமாக எட்டிப்பார்க்காத கேரம் கிளப்புக்குப் போயிருக்கிறார். திரும்ப டியூஷனுக்குப் போவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.